சட்டை இருக்கட்டும்

அவரைச் சட்டையில்லாமல் பார்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே இரண்டு பேர்தான். ஒருவர் பெற்ற அம்மை, இன்னொருவர் கட்டிய மனைவி, எனக்கு மைனி. மைனியும் வெளிச்சத்தில் பார்த்ததில்லை என்று அந்த மனுஷரே ஒருநாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னார். பேரைப் போட்டு எழுதினால் காண்ட்லாவிலிருந்து போன் போட்டு ஏசுவார். கம்பெனி அவரை அந்தத் துறைமுகத்துக்கு மாற்றிச் சில வருஷம் ஆகிவிட்டது, ஆனால் ஏசுவதற்குத் தூரம் ஒரு பொருட்டா? ஆகவே அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் அவர்கள் கொண்டுவருவதை விற்கிறவர்கள். எங்களைப் போல ஆபீஸ் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் தயார் பண்ணிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அண்ணன் சீனியர், நான் அவருக்கு அடுத்த மேசை. காலை பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் அவர் உட்கார்ந்தால் மிச்ச இடத்தில் அவருடைய சாப்பாட்டுப் பை உட்காரும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உப்பளத்தை வேடிக்கை பார்த்தபடியே வருவேன். அப்போது அவர் நூற்று முப்பத்தெட்டு கிலோ.

கடற்கரை ஊரில் ஆம்பளைக்குச் சட்டை என்பது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போடுவது. மற்ற நேரம் தோளில் ஒரு துண்டு போதும். அண்ணன் மட்டும் எந்நேரமும் முழுக்கைச் சட்டையில் இருப்பார், கழுத்துப் பட்டன் உட்பட. கடலில் குளிப்பதும் சட்டையோடுதான். அது தண்ணீருக்குள் புஸ்ஸென்று உப்பி அவரோடு சேர்ந்து இன்னொரு ஆளாக மிதக்கும். கரையேறி அப்படியே வெயிலில் நின்று காய்ந்தபிறகுதான் வீட்டுக்குப் போவார். டெய்லரை அளவெடுக்க விடமாட்டார். பழைய சட்டையைக் கொடுத்து, இதே அளவு, சுற்றளவில் மட்டும் ஒரு இஞ்ச் கூட்டிக்கோ என்பார்.

ஒருமுறை ஆபீஸில் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை வைத்தார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நீட்டிக்கொண்டு சட்டையைக் கழற்றச் சொன்னார். "சட்டை இருக்கட்டும் சார், எனக்கு நெஞ்சு சத்தமாத்தான் அடிக்கும்" என்றார் அண்ணன். டாக்டர் சிரித்துவிட்டுத் துணிக்கு மேலேயே வைத்துக் கேட்டார். புழுக்கத்தில் ஆபீஸ் கரண்ட் போனாலும், அடைமழையில் தெப்பலாக நனைந்து வந்தாலும், கல்யாணவீட்டில் ரசம் மேலே கொட்டினாலும் அவரிடமிருந்து வருவது அந்த ஒரே வாசகம்தான். சட்டை இருக்கட்டும்.

ஊருக்கு அவர் வயிறு பொதுச்சொத்து. எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் அண்ணனுக்கு ரெண்டு இலை போடு என்று ஒருவன் குரல் கொடுப்பான். காலையில் எத்தனை இட்லி என்று பஸ் கண்டக்டர் தினமும் விசாரிப்பார். அண்ணன் எல்லோரையும் முந்திக்கொள்வார். எனக்கு லைஃப் ஜாக்கெட்டே வேண்டாம்லே, என்னைப் பிடிச்சுக்கிட்டு நாலு பேர் மிதக்கலாம் என்று அவரே சொல்லி அவரே முதலில் சிரிப்பார். அவர் சிரித்துவிட்டால் நமக்கும் உரிமை வந்துவிடுகிறதல்லவா? நானும் வஞ்சகமில்லாமல் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான், பெரிய வெள்ளியன்று சட்டையில்லாமல் குருசில் தொங்குவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளி மத்தியானம் கோயிலுக்கு முன்னால் கடற்கரை மணலில் பாஸ்கு நடக்கும். ஆண்டவருடைய பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம் அது. மூன்று குருசு நடுவார்கள். நடுவில் ஆண்டவர், வலப்பக்கம் மனம் திரும்பிய நல்ல கள்ளன், இடப்பக்கம் திரும்பாத கள்ளன். வேஷம் கட்டுவது நேர்ச்சை. ஒரு வேஷத்தை ஒருவர் நேர்ந்துகொண்டால் அவர் செலுத்தி முடிக்கும்வரை அதை இன்னொருவர் தொடக்கூடாது, ஆள் வராவிட்டால் வேஷம் காலியாகவே நிற்கும். மேக்கப் என் பொறுப்பு. யூதாஸின் தாடியும் ஆண்டவரின் காயங்களும் என் கைவண்ணம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் தவக்காலத்தில் அண்ணனுடைய தம்பி போன வள்ளம் இன்ஜின் நின்று காற்றோடு போய்விட்டது. மூன்று நாளாகத் தகவல் இல்லை. மூன்றாம் நாள் ஊரே கோயிலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லியது. முடிந்ததும் அண்ணாவி எழுந்தார். அண்ணாவி என்றால் பாஸ்குவைப் பழக்கி நடத்துகிறவர். நேரங்காலம் தெரியாத மனுஷர். நல்ல கள்ளன் வேஷம் கட்டுகிற பையன் சவுதிக்குப் போய்விட்டான், அந்த வேஷத்துக்கு ஆள் தேவை என்று அறிவித்தார். முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த அண்ணன் அப்படியே எழுந்து நின்றார்.

"என் தம்பி உசுரோட வந்தா நான் கள்ளனாத் தொங்குதேன் மாதாவே" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

மெழுகுவர்த்தி இருக்கிறது, அன்னதானம் இருக்கிறது, முடி காணிக்கை இருக்கிறது. அந்த நிமிஷம் காதில் விழுந்தது கள்ளன், வாயில் வந்ததும் கள்ளன். கள்ளனுக்கு இடுப்புத் துண்டைத் தவிர வேறு உடுப்பில்லை என்பது அவர் நினைவில் இருந்திருக்காது. மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. குளச்சல்காரர்கள் தம்பியின் வள்ளத்தைக் கண்டு, கட்டி இழுத்துக் கரை சேர்த்துவிட்டார்கள். தம்பி வந்து இறங்கியபோது ஊரே வெடி போட்டது. அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்து லேஞ்சியால் முகத்தைத் துடைத்தவர், என்னை ஓரமாக இழுத்துப்போய், "ஏலே, கள்ளன் சட்டை போட்டுக்கிடலாமா?" என்று கேட்டார்.

அண்ணாவி ஒத்துக்கொள்ளவில்லை. எந்த ரோமாபுரிச் சேவகன் கள்ளனுக்குப் பட்டன் போட்டுவிட்டுத் தூக்கினான் என்று கேட்டார். படகு கட்டும் ஆசாரிதான் குருசும் செய்வார். அவர் அண்ணனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, மரம் தாங்கும், மணல் தாங்காது, இவர் சாய்ந்தால் நடுக்குருசையும் கூட்டிக்கொண்டுதான் சாய்வார் என்றார். ஆண்டவர் வேஷம் கட்டுகிறவர் அதைக் கேட்டு, அப்படியானால் நான் வரவில்லை என்று ஒதுங்கினார். பங்குச் சாமியார் இளகிய மனசுக்காரர். நேர்ச்சையை மாற்றித் தருகிறேன், பன்னிரண்டு ஏழைகளுக்குச் சோறு போடு, மாதா ஏற்றுக்கொள்வாள் என்று சொல்லிப் பார்த்தார்.

அண்ணன் தலையாட்டவில்லை. "நான் தம்பியைக் கேட்டேன், மாதா தம்பியைத்தான் அனுப்பினா. மாத்தி வேற ஆளை அனுப்பலியே சாமி" என்றார்.

ஆக, அந்தப் பெரிய வெள்ளியில் நல்ல கள்ளனின் குருசு காலியாக நின்றது. கள்ளன் சொல்ல வேண்டியதை நான் மரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கத்தினேன். ஆண்டவர் வலப்பக்கம் திரும்பி, இன்றைக்கே நீ என்னோடு வான்வீட்டில் இருப்பாய் என்று வெறும் மரத்துக்கு வாக்குக் கொடுத்தார். பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்ற அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அவர் நடக்க ஆரம்பித்தார். காலையில் கடற்கரைச் சாலையில் நாலு கிலோமீட்டர் நடந்து, பஸ்ஸை இரண்டு ஸ்டாப் தள்ளிப் பிடிப்பார். அவருடைய சர்க்கரை வியாதிக்குப் பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுத் தாளை மைனி அடுப்படியில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தார். சோறு ஒரு கரண்டி, மீன் குழம்பில் மீன் மட்டும். மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் எங்களுக்கு அழுகை வரும். கொஞ்சம் கொஞ்சமாக அவர் சீட்டில் சாப்பாட்டுப் பைக்குப் பதில் நான் உட்காரத் தொடங்கினேன். அடுத்த பெரிய வெள்ளிக்கு நூற்று நாலு கிலோ. ஆசாரி இன்னும் கை விரித்தார், குருசு காலி. அதற்கு அடுத்த வருஷம் எழுபத்தாறு.

எழுபத்தாறு கிலோ அண்ணனைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட்டது என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. இட்லிக் கணக்குக் கேட்ட கண்டக்டர் இப்போது என்ன சீக்கு என்று கேட்டார். சர்க்கரை முற்றிவிட்டது, குடலில் புண், மருமகள் சாபம் என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். அவருக்கு மருமகளே கிடையாது. ஆசாரி மட்டும் தோளைத் தட்டி, இப்போது நீ தாராளமாகத் தொங்கலாம் என்றார். எல்லோரும் மூன்றாம் வருஷம் கள்ளன் ஏறுவான் என்று காத்திருந்தோம். அண்ணன் அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். மூன்றாவது தடவையாக நான் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. தம்பியை வாங்கிக்கொண்டு மாதாவை ஏமாற்றுகிறான் என்றுகூடப் பேசினார்கள்.

எனக்கும் கோபம் வந்தது. அவரைப் பழைய ஃபைல் அடுக்கிய அறைக்குள் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டேன். நூற்று முப்பத்தெட்டுக் கிலோவுக்குத் தைத்த அதே சட்டையைத்தான் இன்னும் போட்டிருந்தார். புதுசு தைக்கக் கஞ்சத்தனம் என்றே நான் நினைத்திருந்தேன். அண்ணன் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெலிஞ்சது நான்தாம்லே, என் தோலு மெலியல" என்றார். வயிற்றுத் தோல் மடிந்து தொடைவரை தொங்குகிறதாம். மடிப்புக்குள் வேர்த்து வேர்த்துப் புண்ணாகிறதாம். பாத்ரூமுக்கு அவர் அடிக்கடி பவுடர் டப்பாவோடு போவதை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். காரணம் அதுதான். குண்டாக இருந்தபோதாவது நானே ஒரு சோக்குச் சொல்லிச் சமாளித்தேன், இதற்கு என்ன சோக்குச் சொல்ல என்று கேட்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே பிளாஸ்டிக் சர்ஜன் இருப்பதாகச் சர்க்கரை டாக்டர் சொன்னார். துணைக்கு நான் போனேன். சர்ஜன் சின்ன வயசு அம்மா. சட்டையைக் கழற்றுங்க என்றார். அண்ணன் வழக்கம்போல, சட்டை இருக்கட்டும் டாக்டர் என்றார். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆபரேஷன் சட்டைக்கா உங்களுக்கா என்று கேட்டார். அண்ணன் பட்டன்களை அவிழ்க்க நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பெரிய உறைக்குள் சின்னத் தலையணையைப் போட்டதுபோல இருந்தது உடம்பு. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

டாக்டர் அவரை நிறுத்திவைத்து, தோலை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்து, எங்கே வெட்டுவது என்று விளக்கினார். அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு ஒரு வெட்டு, நெஞ்சுக்குக் கீழிருந்து நேராக இறங்கும் இன்னொன்று. தழும்பு நாளாக ஆக வெளுக்கும், ஆனால் போகவே போகாது என்றார். அண்ணனுக்கு ஒரே சந்தேகம்தான். துண்டு கட்டினால் தெரியுமா? எந்தத் துண்டு என்றார் டாக்டர். கள்ளன் கட்டுகிற துண்டு என்றார் அண்ணன். டாக்டர் என்னைப் பார்க்க, நான் மாதாவில் ஆரம்பித்துக் குளச்சல் வழியாகக் குருசு வரைக்கும் வந்து முடித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. குறுக்குக் கோட்டைத் துண்டுக்குள் அடக்கிவிடலாம், நெடுக்குக் கோடு வெளியே தெரியத்தான் செய்யும், சர்க்கரை இருப்பதால் புண் ஆற நாளாகும், ரத்தம் கட்டுகிற ஆபத்தும் உண்டு, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார்.

வீட்டில் மைனி ஒற்றைக்காலில் நின்றார். தம்பி உயிரோடு வந்ததற்கு இவுக உயிரைக் கொடுக்கணுமா, மாதா என்ன இவுக தோலையா கேட்டா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அண்ணன்தான் பேசினார்.

"நேர்ச்சை பாதிக் காரணந்தாம்ளா. அறுவத்திரண்டு கிலோ குறைச்சும் நான் இந்தச் சட்டைக்குள்ளதான் கெடக்கேன். வெளிய வரணும்போல இருக்கு."

மைனி அழுதுகொண்டே பெட்டியில் துணியை அடுக்கினார்.

ஊருக்குச் சென்னையில் கம்பெனி டிரெய்னிங் என்று சொன்னோம். உண்மை தெரிந்தது எனக்கும் மைனிக்கும் தம்பிக்கும் மட்டும். ஆபரேஷன் ஐந்து மணிநேரம் நடந்தது. தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது அண்ணன் இரண்டு பக்கமும் டியூப் தொங்க, வயிற்றை இறுக்கும் பெல்ட்டோடு, விழுந்த ஊசியைத் தேடுகிறவர்போலக் குனிந்து நடந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தால் தையல் இழுக்குமாம். எடுத்த தோல் மட்டும் நாலரைக் கிலோ என்றார். தொப்புளுக்குக்கூடப் புதிதாக இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். "அம்மை தந்த எடத்துல இல்லலே, இப்பம் வேற விலாசம்" என்றார். சிரிக்கப்போய் வலியில் கண் கலங்கினார். தையல் ஒரு இடத்தில் விட்டு, அது ஆற ஒரு மாசம் கூடுதலாயிற்று.

அடுத்த பெரிய வெள்ளிக்குள் உடம்பு தேறிவிட்டது. நெடுக்குத் தழும்பு மட்டும் சிவந்து, தடித்து, நெஞ்சிலிருந்து துண்டுக்குள் இறங்கியது. அதை மறைப்பது என் வேலை. தோல் நிறத்துக்கு மேக்கப் கலப்பதில் தவக்காலம் முழுவதும் போயிற்று. காலையில் அண்ணனை என் வீட்டில் உட்காரவைத்து மூன்று பூச்சுப் பூசி, மேலே சவுக்கடிக்குச் சிவப்புச் சாயத்தில் சில கோடு இழுத்தேன். தழும்பு இருந்த சுவடே தெரியவில்லை. அண்ணன் கண்ணாடியில் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்டு, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் மணல் கொதித்தது. நாலு வருஷத்துக்குப்பின் கள்ளன் ஏறுகிறான் என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. கள்ளனின் சட்டையை உரிந்து எடுக்க வேண்டிய சேவகன் அண்ணனுடைய தம்பிதான். வந்தவன் சட்டையில் கை வைத்துவிட்டு அப்படியே நின்றான். அண்ணன் அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டு, கழுத்துப் பட்டனிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அவரே அவிழ்த்தார்.

குருசில் அவரைக் கட்டித் தூக்கினார்கள். கால்மணி நேரத்தில் வெயில் என் வேலையைக் கெடுத்துவிட்டது. வேர்வையில் மூன்று பூச்சும் கரைந்து வழிந்தது. சிவப்புச் சாயம் தழும்புவழியே ஓடி இறங்கியது. நெஞ்சிலிருந்து அடிவயிறு வரைக்கும் அந்தக் கோடு பளிச்சென்று தெரிந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம், "ஏளா, கள்ளன் காயத்தைப் பாரு, இந்த வருசம் எவ்வளவு தத்ரூபமாப் போட்டிருக்கான்" என்றாள். ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல். அண்ணாவியே என் பக்கம் திரும்பி மெச்சுகிறமாதிரி தலையாட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலே அண்ணன், உமது அரசில் என்னை நினைத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கடல்வரை கேட்கும் குரலில் சொன்னார். மூன்று வருஷமாக மரத்துக்கு வாக்குக் கொடுத்த ஆண்டவர் ஒரு மனுஷ முகத்தைப் பார்த்துச் சொல்லக் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணீர் விட்டார்.

நேர்ச்சை செலுத்தினவரைத் தொட்டுக் கும்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். இறக்கியதும் பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவர் மீன் விற்கும் பெரியம்மா, பந்தியில் அண்ணனுக்கு இரண்டு இலை கேட்டுச் சிரித்தவர்களில் முக்கியமானவர். காயத்தை உற்றுப் பார்த்துவிட்டு, என்னத்தைப் பூசினே, அசலாட்டம் இருக்கே என்று என்னைக் கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மெழுகும் சாயமும் சேர்த்து நானே கண்டுபிடித்த பக்குவம் என்றேன். அண்ணனைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு. இனி அவர் எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் நிற்கலாம், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார், போதும் என்கிறமாதிரி.

"அவன் ஒண்ணும் பூசல பெரியம்மா. இது என் வயிறுதான். மெலிஞ்சதுல தோலு தொங்கிப் போச்சு. மதுரையில அறுத்துத் தச்சிருக்கு."

வரிசை நின்றுவிட்டது. எந்த வாயிலிருந்து முதல் கேலி வரப்போகிறது என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அண்ணனும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். முந்திக்கொள்ள அவரிடம் எந்தச் சோக்கும் இல்லை. பெரியம்மா மீன் அரிந்து காய்த்துப்போன கையை நீட்டி, நெஞ்சுக்குக் கீழிருந்து அந்தத் தழும்பை மெல்ல வருடிக்கொண்டே வந்தார்.

"ஏய்யா, ரொம்ப வலிச்சுதா?"

அவர் உடம்பைப் பார்த்து எங்கள் ஊர் என்னவெல்லாமோ கேட்டிருக்கிறது. இதை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை, கூடவே திரிந்த நானும் கேட்டதில்லை. அண்ணனின் உதடு இரண்டு தடவை கோணியது. பிறகு சின்னப் பிள்ளையைப்போலத் தலையை ஆட்டி, "ஆமா பெரியம்மா, வலிச்சுது" என்றார்.